இருட்டறையில் இருக்கும் ஜெனிக்கு

அன்பு மகள் ஜெனிக்கு அம்மா கிருபா எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே மூன்று பேரும் சுகம், அங்கே நீயும் சளி இருமல் அண்டாமல் இருக்க தினமும் கேட்டுக்கொள்கிறோம்.

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது யாதெனில், மேற்குத் தாம்பரம் நமது இல்லத்தில் நெடுங்காலம் அரும்பணியாற்றிய மிக்ஸி, வியாழன் காலை தேங்காய்ச் சட்னியின் பாதியில் காலமானது. பெரிய ஜாரும் சின்ன ஜாரும் ஆறுதல் சொல்ல ஆளின்றி நிற்கிறார்கள். இதை அம்மா சொல்லவில்லை அக்கா, இது உன் தம்பி ஃபிரெடி. மார்க்கெட் வாசலில் மழைத்தண்ணீர் வழுக்கி அம்மாவுக்கு வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு, பயப்படாதே, சின்ன விரிசல்தான். கட்டு அம்மாவுக்கு, மாட்டிக்கொண்டது நான். அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன், நடுவில் என் சரக்கும் வரும். அஸ்தினாபுரம் மிருதுளா அக்கா நாளைக்கு நீ இருக்கும் ஜெர்மனிக்கே கிளம்புகிறார், அவர் பெட்டியில் இதையும் பருப்புப்பொடியையும் வைத்துவிடுவோம்.

அப்பாவுக்கு மறுபடி நைட் ஷிஃப்ட், சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். சர்ச்சில் எல்லாரும் உன்னைக் கேட்கிறார்கள். ஜெனி செல்லுக்குள்ளே லைட் போடுகிறாள் என்று அம்மா சொல்லப்போய், பெண்கள் சங்கத்தில் உன் செல்போன் கடைக்காக உருக்கமாக ஜெபித்துவிட்டார்கள். அப்புறம் இந்த விஞ்ஞானி எழுந்து, அது உடம்பில் இருக்கிற செல் என்று விளக்க வேண்டியதாகிவிட்டது. நம் வீட்டு மோட்டார் சுவிட்சோடு ஒரு சின்ன பல்பும் எரிகிறதே, அதே கதைதான் ஆன்ட்டி என்றேன். ஜெல்லிமீனிடம் பச்சையாக ஒளிரும் ஒரு புரதம் இருக்கிறது, அக்கா தேடுகிற ஜீன் எந்த சுவிட்சில் ஓடுகிறதோ அதே சுவிட்சில் அந்தப் புரதத்தையும் மாட்டிவிடுகிறாள், ஜீன் வேலை செய்தால் செல் பச்சையாக மினுங்கும். முன்னெல்லாம் செல்லைக் கொன்று அரைத்துத்தான் பார்க்கணும், இப்போது உயிரோடு இருக்கும்போதே பார்க்கலாம். கைதட்டாத குறை.

வீடு வந்து சேர்ந்தோம். செருப்பைக் கழற்றும்போது அம்மா, "அப்போ அதைத் தொந்தரவு பண்ணாமலே, நல்லா இருக்குதுன்னு தெரிஞ்சுக்கலாம் இல்ல ஃபிரெடி" என்று கேட்டார்கள். செல்லைப் பற்றித்தான் கேட்டார்கள் என்று நான் நம்பவில்லை. ஜூன் மாதம் நீ மைக்ராஸ்கோப்பில் படமெடுத்துக்கொண்டிருந்தபோது அம்மா போனில் கூப்பிட, இருட்டறையில் போன் வெளிச்சம் பட்டு ராத்திரி முழுக்க எடுத்த படம் வீணாயிற்று என்று கத்தினாயே. அதற்கப்புறம் அம்மா உன்னைக் கூப்பிடவே இல்லை, நீயே கூப்பிடுவாய் என்று இருக்கிறார்கள். நீயும் கூப்பிடவில்லை. அதனால் தினமும் சாப்பிடும்போது வாட்ஸப்பில் உன் 'லாஸ்ட் சீன்' பார்த்து, ஜெனி இத்தனை மணிக்கு வந்துட்டுப் போயிருக்கா என்று வாசிப்பது என் வேலை. அதைக் கேட்ட பிறகுதான் அம்மா தட்டில் கை வைப்பார்கள். இதுவரை ஒரு நாள் தவறவில்லை, வானிலை அறிக்கை வாசிப்பவர்கூட லீவு போடுவார்.

இனி அம்மா சொல்வது. ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதே, ராத்திரி பிரெட்டோடு முடித்துக்கொள்ளாதே, பருப்புப்பொடிக்கு நல்லெண்ணெய் கிடைக்காவிட்டால் நெய் விட்டுக்கொள். கூப்பிடச் சொல்லி எழுதாதே, அவள் வேலை கெடும் என்கிறார்கள், எனவே அதை எழுதவில்லை. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. மிருதுளாவிடம் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தனுப்ப மறக்காதே.

அன்பு முத்தங்களுடன் அம்மா, கிருபா லாசரஸ் (இடது கையால்)

அக்கா, கையெழுத்துப் போட்டுவிட்டு அம்மா படுக்கப் போய்விட்டார்கள். நீ லாஸ்ட் சீனை மறைத்து வைத்துப் பல வாரம் ஆகிறது. முதலில் என் போன்தான் ரிப்பேர் என்று நினைத்தேன். அதிலிருந்து நான் வாசிக்கிற மணியெல்லாம் என் சொந்தச் சரக்கு. நேற்று விளையாட்டாக ரொம்ப லேட்டான மணியைச் சொல்லிவிட்டேன், பிள்ளை தூங்கவே இல்லையா என்று அம்மா பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்கள். பெரிய விஞ்ஞானி மாதிரி மேலே அளந்தேன், என்ன மணி சொல்வதென்று இன்றைக்குக்கூடத் தெரியவில்லை. வேலை முடிந்து வெளியே வரும்போது ஒரு தடவை கூப்பிடு. அம்மாவுக்காவது நான் சொல்கிற பொய் இருக்கிறது, எனக்கு அதுவும் இல்லை.

ஃபிரெடி