ஐம்பதில் இரண்டு காந்தம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். உன் குழந்தை வாலுவும் சுகம், இந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டுக் கீழே போ. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நலமாக இருப்பாய் என்று நம்புகிறோம்.

செவ்வாய்க்கிழமை நடந்ததைப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அடுக்குகிற கட்டையெல்லாம் சரிகிறதென்று வாலு அழுததால், கெட்டி அட்டையில் ஆறு பிரமிடு செய்தேன், ஆறின் உச்சியும் நடுவில் கூடினால் ஒரு முழுக் கனசதுரம். சாய்ந்த முகம் ஒவ்வொன்றுக்கும் உள்பக்கம் இரண்டு காந்தம், ஒன்றில் வடமுனையும் மற்றதில் தென்முனையும் வெளியே பார்க்கும்படி ஒட்டி, மேலே காகிதம் ஒட்டி மூடினால், எந்த முகமும் எந்த முகத்தோடும் சேரும். இருபத்துநான்கு முகத்துக்கு நாற்பத்தெட்டு, பெட்டியில் ஐம்பது, இரண்டு மீந்திருக்க வேண்டும். கடைசி அடிப்பாகத்தை ஒட்டிவிட்டுப் பார்த்தால் பெட்டி காலி, மேசைக்கடியில் வாலு எதையோ மென்றுகொண்டிருந்தாள். இரண்டு காந்தம் வயிற்றுக்குள் போனால் குடலை நடுவில் வைத்து இறுக்கிவிடும் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது, அதை நான்கு தடவை படித்தவன் நான். முழுங்கினியா என்றேன், ஆமா என்றாள். உன் அம்மா, மேசையை முழுங்கினியா என்றாள், அதற்கும் ஆமா. எதுக்கும் நூறு தடவ எண்ணுவீங்களே, இத எண்ணலையா என்று என்னிடம் திரும்பினாள். வாலுவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவர் படத்தைப் பார்த்துவிட்டு, பாப்பா வயித்துல ஒண்ணுமில்ல பெரியவரே, நீங்க முதல்ல உக்காருங்க, உங்களத் தூக்க இங்க ஆள் பத்தாது என்றார். உட்கார்ந்தேன். ஆனாலும் அந்த இரண்டும் வீட்டில் எங்கோ கிடக்கிறதே. திரும்பி வந்து அறை முழுக்கத் துழாவினோம், கிடைக்கவில்லை. அப்போதுதான், முடிந்த துண்டுகளை வைத்து விளையாடியபோது வாலு ஒன்றை மட்டும் பிடிவாதக்காரி என்று சொன்னது நினைவுக்கு வந்தது, அதை மற்றதிலிருந்து பிரிக்க அவளுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஆறையும் சமையலறைத் தராசில் வைத்தேன், ஐந்து ஒரே எடை, பிடிவாதக்காரி மட்டும் கூடுதல். அறுத்துப் பார்த்தால் ஒரே முகத்தில் நான்கு காந்தம். முந்தின நாள் நீ போன் செய்தபோது எழுந்து போனவன், திரும்பி வந்து, காகிதம் மூடியிருந்ததால் தெரியாமல், அதே இடத்தில் இன்னொரு சோடியை வைத்திருக்கிறேன். அவை துள்ளிப்போய்ச் சரியாக உட்கார்ந்ததை என் கைத்திறன் என்று வேறு நினைத்துக்கொண்டேன். தப்பு உன் போனில் இல்லை அம்மா, என்னிடம்தான். ஐம்பதுக்கும் கணக்குச் சரியானபோதுதான், செவ்வாய் காலையில் நின்ற மூச்சு திரும்பி வந்தது போலிருந்தது.

அறுத்ததை மறுபடி ஒட்டி, எல்லா விளிம்புக்கும் துணிநாடா ஒட்டிவிட்டேன், இழுத்துப் பார்த்தேன், பிரியவில்லை. இருந்தாலும் அலமாரி உச்சியில்தான் வைத்திருக்கிறேன், பெற்றவள் நீ, சரியென்று சொன்னால்தான் இறக்குவேன். அடியில் நின்று தினமும் கைநீட்டுகிறாள், அதற்காக அவசரப்பட்டுச் சரியென்று எழுதிவிடாதே.

மனக்குறை இல்லாமல், நோய்நொடி இல்லாமல் நீ நீடூழி வாழ வேண்டும். கண்ணாடியை மாற்றச் சொன்னேனே, மாற்றினாயா? மீந்த இரண்டு காந்தத்தையும் இந்தத் தாளின் மூலையில் ஒட்டி அனுப்புகிறேன், அவை இந்த வீட்டில் வேண்டாம். ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் வரும், வந்ததும் எண்ணிப் பார்த்து இரண்டு என்று ஒரு வரி எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா