தொட்டுவிட்டுப் போ

ஏப்ரல் 8, பீடோர், மலேசியா

மலாயில் நான் கற்ற முதல் சொல் 'தாக் மாவ்'. வேண்டாம் என்று அர்த்தம். கற்றுக்கொடுத்தவர் ரொக்கியா மக்சிக், பக்கவாதத்தில் வலது கை விழுந்தவர். இங்கே வயதான பெண்களை மக்சிக் என்றுதான் கூப்பிட வேண்டுமாம், நாம் அத்தை என்பதுபோல. விரலை நீட்டச் சொன்னால் தாக் மாவ். பந்தைப் பிடிக்கச் சொன்னால் தாக் மாவ். காரைக்குடியிலிருந்து மூன்று மாதத் தொண்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட்டுக்கு நல்ல வரவேற்புதான். இப்போதே பழக்காவிட்டால் அந்தக் கை மடங்கியபடியே இறுகிவிடும். அதை எந்த மலாயில் சொல்வேன்?

ஏப்ரல் 19

மக்சிக் எனக்காக மகளிடம் சொல்லி வாழைப்பழ உருண்டை பொரித்துக் கொண்டுவந்திருந்தார். நம் ஊர் வழக்கப்படி முதலில் தாக் மாவ் என்றேன். இன்னொரு முறை கேட்பார், எடுக்கலாம் என்று எச்சில் ஊறக் காத்திருந்தேன். கேட்கவே இல்லை. முகம் சுருங்கிவிட்டது.

திரும்பும்போது சைக்கிளிலிருந்து விழுந்து முட்டித்தோல் பெயர்ந்தது.

ஏப்ரல் 22

மக்சிக் பயிற்சிக்கு வரவில்லை.

ஏப்ரல் 24

இன்றும் வரவில்லை. நான் தங்கியிருக்கும் வீட்டு விக்னேஸ்வரி அக்கா மக்சிக்கின் மகளுக்குப் போன் போட்டார். வைத்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"கொடுத்தத வேணாம்னு போட்டுட்டுப் போனா வழியில ஆபத்து வரும்னு அவங்க நம்பிக்கை லா. வயிறு நெறஞ்சிருந்தாலும் வெரலால தொட்டுட்டாச்சும் போவணும். நீ விழுந்தத கேட்டு, தன்னாலதான்னு அழுதுகிட்டு கெடக்காங்க."

ஐயோ. மரியாதைக்குச் சொன்ன ஒரு வேண்டாம் — அந்த மனுசிய என்ன பாடு படுத்திருக்கேன் பாரு.

ஏப்ரல் 25

அக்காவோடு மக்சிக் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்த மலாய் மன்னிப்பு வாசலிலேயே மறந்துபோனது. 'லாப்பார்' என்று மட்டும் வந்தது. பசிக்கிறது. மக்சிக் சிரித்துவிட்டார். ஆறு உருண்டை சாப்பிட்டேன். திங்கட்கிழமை வருகிறாராம்.

மே 30

புக்கா, திற. லுருஸ், நேராக. சாக்கித், வலி. ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு சொல் தருகிறார். என் உச்சரிப்புக்கு வயிறு குலுங்கச் சிரிக்கிறார். நான் இவருக்குத் தொண்டு செய்கிறேனாம்! யார் யாருக்குச் செய்கிறார்கள்? விரல் கொஞ்சம் விரிகிறது. கை இன்னும் மடியை விட்டு எழவில்லை.

ஜூன் 27

நாளை விமானம். அக்கா வீட்டு அடுப்பில் கந்தரப்பம் சுட்டு எடுத்துப் போனேன். தட்டை நீட்டிய பிறகுதான் மக்சிக்குக்குச் சர்க்கரை என்பது உறைத்தது. இழுத்துக்கொள்ளப் பார்த்தேன்.

மக்சிக் தலையை ஆட்டித் தடுத்தார். வலது கை மெல்ல எழுந்தது. நான் பிடித்துத் தாங்கவில்லை. நடுங்கி நடுங்கி வந்து, ஒரு விரல் நீண்டு, அப்பத்தின் ஓரத்தைத் தொட்டது.

"தாக் மாவ்" என்றார்.

பிறகு அதே கையால் தட்டை என் பக்கம் தள்ளி, சாப்பிடு என்றார். ஒரே முறைதான் சொன்னார். உடனே எடுத்துச் சாப்பிட்டேன்.