பூஜையன்று ஊற்றிய பச்சைக் கூலன்ட்

இன்று காலை கிள்ளிப்பாலத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இன்ஜின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட் கேட்டேன். கடைக்காரர் தலையைத் தூக்காமலே, "பச்ச மதியோ, சுவப்பு வேணோ?" என்றார், பச்சை போதுமா சிவப்பு வேண்டுமா என்று மலையாளத்தில். பக்கத்தில் யாரோ திறந்து வைத்திருந்த கேனிலிருந்து அந்தத் தித்திப்பு வாடை வந்தது. ஒன்றும் வாங்காமல் இறங்கிவிட்டேன். உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது மக்கா, ஒன்பது வருடமாக நான் மறைத்தது. நீ போய்ச் சேர்ந்து நான்கு மாதம் கழித்துச் சொல்ல வருகிறான் பார், வெட்கங்கெட்டவன்.

தக்கலையிலிருந்து வந்த நாம் இருவரும் கூட்டாகச் சரக்கு ஏற்ற அந்தப் பிக்கப் வண்டியை வாங்கியபோது, வண்டியோடு வந்த புத்தகத்தை நீ பிளாஸ்டிக் கவரில் சுற்றி டேஷ்போர்டில் வைத்தாய். எதற்கெடுத்தாலும் அதைப் புரட்டுவாய். "நெறத்தப் பாத்து வாங்காதடே. நெறம் கம்பெனிக்காரன் இஷ்டம். புக்குல என்ன வகை போட்டிருக்கோ, அதத்தான் ஊத்தணும்" என்பாய். வண்டியைக் கும்பிடுகிறாயா, புக்கைக் கும்பிடுகிறாயா என்று நான் கேலி செய்வேன். நீ சிரித்துவிட்டு மறுபடியும் படிப்பாய். நம் வண்டிக்குச் சிவப்புதான், அதிலும் தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றுகிற வகை. அது எனக்கும் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லி நான் தப்பிக்க முடியாது.

ஒன்பது வருடத்துக்கு முந்தைய அந்த ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி நிறுத்தினோம். பூஜையன்று வண்டியில் எதுவும் குறைவாக இருக்கக் கூடாது என்பது நம் வழக்கம். டீசல், ஆயில், டயருக்குக் காற்று, எல்லாம் நிறைந்திருக்க வேண்டும். நீ பொரியும் சந்தனமும் வாங்கச் சாலைக் கடைக்குப் போயிருந்தாய். பானெட்டைத் திறந்தால் கூலன்ட் கோட்டுக்குக் கீழே கிடந்தது. நம் பழைய வண்டிக்கு வாங்கிய பச்சை பாதிக் கேன் வீட்டில் இருந்தது. நல்ல நேரம் முடியப் போகிறது, நிறைந்தால் போதும் என்று ஊற்றினேன். நீ வந்து எட்டிப் பார்ப்பதற்குள் பானெட்டை மூடிச் சந்தனப் பொட்டும் வைத்தாயிற்று.

நாற்பது நாள் போயிருக்கும். பொன்முடி எஸ்டேட்டுக்கு அரிசிச் சாக்கு ஏற்றிப் போனோம். நீதான் ஓட்டினாய். கல்லாறு தாண்டுமுன்னே சூடு காட்டும் ஊசி ஏறியது. நிறுத்தி, ஆறவிட்டு, வேறு வழியில்லாமல் ஆற்றுத் தண்ணீரை நீ ஊற்றினாய். எட்டாவது வளைவில் புகை கிளம்பி வண்டி நின்றது. இன்ஜின் ஹெட் போய்விட்டது.

விதுரையில் மெக்கானிக் ரேடியேட்டரைக் கழற்றினார். உள்ளே புளிக்கரைசல்போல் பழுப்பாகக் களி அடைத்திருந்தது. இரண்டு வகை கலந்தால்தான் இப்படி ஆகும், எதையாவது மாற்றி ஊற்றினீர்களா என்று கேட்டார். நீ உடனே, "வேற ஒண்ணும் ஊத்தல சேட்டா. ஆத்துத் தண்ணிதான், நான்தான் ஊத்தினேன்" என்றாய். மெக்கானிக் உன்னைத் திட்டினார். நீ தலை குனிந்து கேட்டுக்கொண்டாய். நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். புத்தகத்தைக் கேலி செய்த வாயால் எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

நாளை வருவதற்குள் நீ முடிவெடுத்துவிட்டாய். "என் கைராசி வண்டிக்கு ஆகாதுடே, நீயே ஓட்டு" என்று சாவியைத் தந்தாய். நான் தடுத்தேன், ஆனால் காரணத்தைச் சொல்லாமல் தடுத்தேன். நீ கழக்கூட்டத்தில் ஒரு ஃபிளாட்டுக்கு வாட்ச்மேனாகப் போனாய். கேட்டுக்குள் நுழைகிற ஒவ்வொரு வண்டியின் சத்தத்தையும் நீ காது கொடுத்துக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும், மூச்சு வாங்க, "அந்த ஆத்துத் தண்ணியில எல்லாம் போச்சுடே" என்றாய். ஆரஞ்சை உரித்துக்கொண்டே, பழசை ஏன் பேசுகிறாய் என்று உன்னை அடக்கினேன். அதை நினைத்தால் இப்போதும் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

கடையிலிருந்து நேராக உன் வீட்டுக்குத்தான் போனேன். மதினி உன் யூனிஃபார்ம் சட்டைகளைத் துவைத்து மடித்துக்கொண்டிருந்தாள், ஃபிளாட்டில் திருப்பிக் கேட்டார்களாம். எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். கடைசிச் சட்டையையும் மடித்து வைத்துவிட்டு, "இத எங்கிட்ட சொல்லி நான் என்ன செய்ய? அவருட்ட சொல்ல ஒம்பது வருசம் கெடந்துதே" என்றாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இனிமேல் எந்த ஏற்றத்தில் போனாலும் மதினி கேட்ட அந்தக் கேள்வியும் என்னோடு வரும், வரட்டும். உன் கையில் ஒரு குறையும் இருந்ததில்லை மக்கா. வண்டியைக் கெடுத்தவன் நான்தான்.