மூச்சுவிடாத வாளி

மார்ச் 3
குப்பை வண்டி இன்றும் வரவில்லை. பை கசிந்து மாடிப்படியெல்லாம் சொட்டு. கீழே குடியிருக்கும் வீட்டுக்காரம்மா துடைப்பத்தோடு நின்றார். மூக்கம்மா என்பது நான் அவருக்கு வைத்த பெயர். மேலே பால் அடிப்பிடித்தால் கீழே அவருக்குத்தான் முதலில் தெரியும். "இன்னொரு தடவை நாறுச்சுன்னா வேற வீடு பாத்துக்கோ."

எனக்கு ஏழாம் மாசம். இரண்டு வருஷத்தில் இது மூன்றாவது வீடு. இந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு எங்கே போவேன்?

மார்ச் 5
ஆபீசில் பக்கத்து மேஜைக்காரி சொன்ன வழி: சமையல் கழிவை வீட்டிலேயே உரமாக்கு. பால்கனி மூலையில் பழைய பெயின்ட் வாளி வைத்தேன். காய்த்தோல், டீத்தூள், மிஞ்சின சோறு. மூடியை அழுத்தி மூடி, மேலே கல். இனி எந்த மூக்குக்கு எட்டும்?

மார்ச் 12
நாறுகிறது. நாறுகிறதா? எனக்கு இப்போது சோப்பே நாறுகிறது, என் மூக்கை நான் எப்படி நம்ப? இவரை முகர்ந்து பார்க்கச் சொன்னேன். "ஒண்ணும் இல்லம்மா" என்றார். சொல்லிக்கொண்டே இரண்டடி பின்னால் போனார்.

மார்ச் 14
புழு. வெள்ளை வெள்ளையா. ஐயோ. மூடிட்டேன்.

மார்ச் 15
"மேல எலி கிலி செத்துக் கிடக்கா?" — மூக்கம்மா. இல்லையே என்றேன். வயிற்றுக்குள் இருப்பது உதைத்தது.

மார்ச் 16
மேஜைக்காரியிடம் அழுதேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அடிப்பாவி, சோத்தையா போட்ட? மூடி மேல கல்லு வேறயா? அதுக்கும் காத்து வேணும்டி. பச்சை ஒரு கை போட்டா, காய்ஞ்சது ரெண்டு கை போடு. சோறு, மீன், எண்ணெய் கூடவே கூடாது."

தெருமுனைத் தச்சரிடம் ஒரு மூட்டை மரத்தூள் வாங்கினேன். "எதுக்கும்மா?" "சும்மா." இவர் கம்பியைச் சுட வைத்து வாளியைச் சுற்றி ஓட்டை போட்டார். மரத்தூளும் கிழித்த அட்டையும் போட்டுக் கிளறினேன். இரண்டு முறை குமட்டி ஓடினேன்.

மார்ச் 20
வாளி சுடுகிறது! லேசாக ஆவி. மரத்தூள் பற்றிக்கொள்ளுமா? ஒரு குடம் தண்ணீரோடு காவல் உட்கார்ந்தேன். மேஜைக்காரி போனில், "மக்குதுடி. அப்படித்தான் சுடும். போய்ப் படு."

ஏப்ரல் 9
தச்சர் வாய் சும்மா இருக்குமா? மூட்டை மரத்தூள் கதை கீழே போய்விட்டது. மூக்கம்மா மேலேயே வந்துவிட்டார். "வாளியில என்ன?"

மூடியைத் திறந்தேன். எனக்கு ஈர மண் வாசனைதான் வந்தது, ஆனால் என் மூக்கை நம்ப முடியுமா? குனிந்து முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கிப் போனார். நாலு திட்டு திட்டியிருந்தாலாவது தேவலை. பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்குங்க என்று இவரிடம் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 10
காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு பை. உள்ளே வெங்காயத் தோல், கத்தரிக்காய்க் காம்பு, மீன் முள். மூக்கம்மா வீட்டுக் குப்பை!

அந்த முள்ளைப் பார்த்தபடி பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அதைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு இறங்கி, அவர் கதவைத் தட்டினேன்.

"மீன் முள் போடக் கூடாதும்மா. நாறும்."

வாங்கிக்கொண்டு என் வயிற்றைப் பார்த்தார். "நீ ஆஸ்பத்திரிக்குப் போனா யாரு கிளறுவா? எனக்கு இப்பவே காட்டிக் குடு."