பொட்டு வைத்த ரோலர்

என் முந்தானையில் குங்குமம் ஒட்டியிருக்கிறது. சந்தனமும் மெஷின் எண்ணெயும் சேர்ந்த வாடை. நேற்றிலிருந்து சேலையை மாற்றவில்லை. இந்த வாடை உனக்குத் தெரியுமடி. ஆயுத பூசையன்று நம் இஸ்டோருக்குள் கால் வைத்ததும் இதுதானே முதலில் மூக்கில் ஏறும்.

நாம் இரண்டு பேரும் ஒன்றாய் வேலை செய்த அந்த இஸ்டோரை, கொழுந்தைத் தூளாக்குகிற தேயிலை ஆலையை, மூடி வருசக்கணக்காகிறது. இப்போது அங்கே கோப்பிக் கடைகள் வந்திருக்கின்றன. ஆளுக்கொரு மூலையைப் பிடித்திருக்கிறார்கள். கொழும்பில் வேலை செய்கிற என் பேத்தி லீவில் வந்தவள், "வாங்க அப்பாயி, எல்லாக் கடையும் ஏறி இறங்கிப் பாப்போம். நீங்க வேலை செஞ்ச எடந்தானே" என்றாள். எனக்கென்ன கோப்பி ஆசையா? நீ செத்த இடத்தில் உன் பேர் ஒரு ஓரத்திலாவது இருக்கிறதா என்று பார்க்கத்தான் போனேன்.

கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் முதல் கடை. நம் அம்மாமாருடைய கூடையை எடை குறைத்துக் குறைத்துப் போட்டார்களே, அந்தத் தராசில் பூச்செடி தொங்குகிறது. அடுப்பறையில் அடுத்த கடை. சுவரெல்லாம் சித்திரம். கொழுந்தெடுக்கிற பெண் ஒருத்தியை ஆள் உயரத்துக்கு எவனோ வரைந்திருந்தான். கூடையின் பிரம்பெல்லாம் தெரிகிறது, மூஞ்சி மட்டும் இல்லை.

"அது மாடர்ன் ஆர்ட் அப்பாயி."

"மூஞ்சி வரையத் தெரியாததுக்கு அப்படி ஒரு பேரா?"

நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். அங்கே பிளேன்டீயும் பலகையில் ஒரு துண்டு கருப்பட்டியும் கொண்டுவந்து வைத்தார்கள். நாம் உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கி நக்கிக் குடிப்போமே, அது ஞாபகம் வந்தது. என் கைச் சீனியையும் நக்கிவிட்டு ஓடுவாய். நான் முறைப்பேன். "ஒனக்கு நெஞ்சுல கோவம் கெடக்குற எடத்துல சோறு கெடந்தா குண்டாயிருப்படி" என்பாய்.

கடைசிக் கடை ரோலர் அறையில். என் கால் வாசலிலேயே நின்றுவிட்டது. கொழுந்தை உருட்டிக் கசக்குகிற ரோலர்களில் ஒன்றே ஒன்றை விட்டு வைத்திருக்கிறார்கள். அதேதான். துடைத்துப் பளபளவென்று, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து. வந்தவர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கிறார்கள். சுவரில் எழுதியிருந்ததைப் பேத்தி படித்துச் சொன்னாள்: "தொழிலாளிங்க இந்த மெஷினைச் சாமியா கும்பிட்டாங்களாம் அப்பாயி." உன் பேர் எங்கேயும் இல்லை.

ரோலருக்கு அடியில் சிந்துகிற கொழுந்தைக் கூட்டி அள்ளுவது உன் வேலை. ஓடுகிற பெல்ட்டுக்கு மறைப்பு கிடையாது. "ஐயா, ஒரு தகரமாவது அடிச்சுக் குடுங்க" என்று இஸ்டோரையே ஆட்டிவைத்த டீமேக்கரிடம் நீதான் கேட்டாய். "முந்தானையச் சொருகத் தெரியாதவளுக்குத் தகரம் கேக்குதோ" என்றான். கடைசியில் ஒரு நாள் உன் முந்தானையின் மூலையைத்தான் பெல்ட் பிடித்தது. நிறுத்துங்க நிறுத்துங்க என்று நான் கத்தினேன். சுவிட்ச் பக்கம் நின்றவன், உள்ளே கிடக்கிற கொழுந்து பாழாகுமே என்று டீமேக்கர் முகத்தைப் பார்த்தான். அவன் தலையாட்டுகிற வரைக்கும் பெல்ட் ஓடியது.

உன் கருமாதி முடிந்த கையோடு ஆயுத பூசை வந்தது. பெண்கள் வரிசையில் போய் மெஷினுக்குப் பொட்டு வைக்கவேண்டும். என் முறை வந்ததும் தட்டைக் கீழே வைத்தேன். "அவளத் தின்னதுக்கு நான் பொட்டு வைக்கிறதா?" என்றேன். மறுநாளே என்னை இஸ்டோரிலிருந்து தூக்கி மலைக்குக் கொழுந்தெடுக்க அனுப்பினார்கள். பிற்பாடு அந்த டீமேக்கர் செத்தபோது லயத்து வீட்டுச் சனமே திரண்டு போனது. நான் வீட்டில் கருவாடு பொரித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று நேரே ரோலரண்டை போய் அந்தப் பொட்டை முந்தானையால் அழுத்தித் துடைத்தேன். அந்தக் கடையில் தட்டேந்தி வேலை செய்கிற பிள்ளை ஓடிவந்தாள். நம் கீழ் லயத்துப் பிள்ளைதான்.

"ஐயோ பாட்டி, தொடாதீங்க! கடை மொதலாளி மாத்தயா கண்டா என்னத்தான் ஏசுவாரு."

"யாருக்குடி பொட்டு வைக்கிறீங்க?"

"மெஷின் சாமிக்கு."

உன் பேரைச் சொன்னேன். நீ கிடந்த இடத்தைக் காட்டினேன். அங்கே ஒரு மேசை போட்டிருக்கிறார்கள். அவள் அந்த மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பிறகு மெதுவாக, "பாவந்தான் பாட்டி. ஆனா காலையில கடை தொறக்கிறப்ப நான் திரும்ப வைக்கணும். அது என் வேல" என்றாள். அவளும் என்ன செய்வாள், பொட்டு வைக்க மாட்டேன் என்றவளை எங்கே அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியாதா?

வரும் வழியில் பேத்தி கேட்டாள்: "இதையெல்லாம் ஏன் அப்பாயி சொல்லவே இல்ல?"

"யாருடி கேட்டீங்க?"

இந்நேரம் கடை திறந்து புதுப் பொட்டு வைத்திருப்பார்கள். தினமும் போய்த் துடைக்க எனக்குக் காலில் சத்தில்லை. உன் முகம் தெரிந்தவள் நான் ஒருத்திதான் மிச்சம். நானும் போய்விட்டால் அடுப்பறைச் சுவரில் நிற்கிறவளைப் போலத்தான் நீயும்.

மருமகள் சவர்க்காரத்தோடு வந்து நிற்கிறாள். "குடுங்க அத்தை, கறை புடிச்சிரும்." பிடிக்கட்டும் என்றேன். உன் முந்தானையில் பெல்ட் பிடித்த அதே மூலையடி.