ஜூலையில் படகு நின்றுவிடும்

குய்மராஸ் தீவு
மே 20, புதன்

அன்பு மகள் ரீசாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உன் நாய் பொல்வோவும் ஆண்டவர் காவலில் சுகமாக இருக்கிறோம். நீ நாகோயாவில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்பதை உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்கு மனசு அடங்கும். போனில் நீ எப்போதும் 'நல்லா இருக்கேம்மா' என்கிறாய், மூக்கடைத்த குரலிலும் அதையேதான் சொன்னாய். முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கும்போது முதுகை வளைக்காதே, முட்டியை மடக்கித் தூக்கு. விடுமுறை முடிந்து திரும்பும் உன் தோழி ஆர்லீன் கையில் இந்தக் கடிதத்தையும் இரண்டு டப்பா பிஸ்கோச்சோ ரொட்டியும் காய்ந்த மாம்பழமும் கொடுத்தனுப்புகிறேன். ரொட்டியை எல்லோருக்கும் வாரிக் கொடுத்துவிட்டு வெறும் டப்பாவை வைத்துக்கொண்டு உட்காராதே.

நீ ஏப்ரல் கடைசியில் கேட்ட கேள்விக்கு இத்தனை நாள் பதில் சொல்லாமல் இழுத்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. 'பொல்வோ ஹீட்டுக்கு வந்தாச்சா, லெட்டி வீட்டு டியூக்கோட எப்ப சேர்க்கப் போறீங்க' என்று நீ கேட்டபோதெல்லாம் பார்க்கலாம் பார்க்கலாம் என்றேன். போனில் உன் முகத்தைப் பார்த்தால் சரி என்று சொல்லிவிடுவேனோ என்று பயம், அதனால்தான் எழுதுகிறேன். உன்னை வழியனுப்பிய விருந்தில் உன் ஞானத்தாய் லெட்டியின் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு, 'பொல்வோவோட முதல் பெண்குட்டி உங்களுக்குத்தான்' என்று அத்தனை பேர் முன்னால் சொன்னாய். நானும் கைதட்டினேன். உன் விசா காகிதங்களுக்காக மணிலாவில் பதினொரு நாள் உன்னோடு வரிசையில் நின்றவளுக்கு நீ அப்படிச் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அன்றைக்கே பல் டாக்டர் ஒரு குட்டி கேட்டார், கோயில் பாட்டுக்குழு டீச்சர் ஒன்று கேட்டாள், இரண்டு பேருக்கும் சரி என்று தலையாட்டியது நான்தான். உன் அப்பா மட்டும், 'உள்ளங்கையளவு நாய், அது வயித்துல பாதித் தெரு இடம் பிடிச்சு வச்சிருக்கு' என்று சிரித்தார். அன்றைக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

இந்த மாதம் எட்டாம் தேதி பொல்வோ ஹீட்டுக்கு வந்தாள். கேள்விப்பட்ட அன்றே லெட்டி டியூக்கைக் குளிப்பாட்டி, கண்ணை மறைத்த முடியையெல்லாம் வெட்டி, 'எங்க மாப்பிள்ளை ரெடி, பொண்ண எப்ப அழைச்சுட்டு வர்றீங்க மாரே' என்று, உன் ஞானஸ்நானத்திலிருந்து நாங்கள் கூப்பிட்டுக்கொள்ளும் முறையிலேயே, ஆள் விட்டாள். எனக்கு மட்டும் உள்ளே ஏதோ உதைத்துக்கொண்டே இருந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரம்பரைப் பாடம் நடத்துகிறவள், வீட்டு நாய் விஷயத்தில் ஒரு வார்த்தை விசாரிக்காமல் இருக்கலாமா என்று சனிக்கிழமை பொல்வோவைக் கூடையில் வைத்துப் படகேறி எதிர்க்கரை இலோய்லோவுக்குப் போய்க் கால்நடை டாக்டர் பலாசியோவிடம் காட்டினேன். எடை போட்டார், இரண்டு கிலோ முந்நூறு. மூன்று வயது ஷிட்சு இன நாய் நாலு கிலோவுக்கு மேல் இருக்க வேண்டுமாம். வாங்கும்போது இளவரசி ரகம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள் என்றேன். 'அப்படி ஒரு ரகமே கெடையாது மேடம், வளராமப் போன ஷிட்சு, அவ்வளவுதான்' என்றார். வலது பின்கால் முட்டிச் சில்லு இடம் விட்டு நழுவுகிறது. அவள் நடுநடுவே ஒரு காலைத் தூக்கிக்கொண்டு குதிப்பாளே, நாம் அதை நடனம் என்று படம் பிடித்து வைத்திருக்கிறோமே, அது வலியாம். குட்டிகளுக்கும் அது வரலாமாம். பிறகு எக்ஸ்ரேயை விளக்கில் பிடித்து இடுப்பெலும்பைக் காட்டினார். இந்த இனத்துக் குட்டிக்குத் தலை பெரிசு, இவளுக்கு வழி குறுகல். 'தானா பொறக்காது, வயித்தக் கிழிச்சுத்தான் எடுக்கணும். இந்த எடைக்கு மயக்க மருந்து கொடுக்கறதுக்கே நான் யோசிப்பேன். வலி கண்டா ரெண்டு மணி நேரத்துக்குள்ள என் மேசைமேல இருக்கணும்' என்றார். லெட்டி அடிக்கடி சொல்வாளே, ஒரு தடவையாவது குட்டி போட்டால்தான் பெட்டை நாய்க்கு உடம்பு தேறும் என்று, அதையும் கேட்டேன். 'யாரு சொன்னது, நாயா?' என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்பி வரும் படகில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு நாள் எண்ணினேன். இப்போது சேர்த்தால் குட்டி வருவது ஜூலை மூன்றாவது வாரம். தென்மேற்குக் காற்று கிளம்பினால் கடலோரக் காவல்காரர்கள் படகை நிறுத்திவிடுவது உனக்குத் தெரியாததா, சில தடவை மூன்று நாள்கூடக் கரையோடு கிடக்கும். தீவில் இருக்கும் கால்நடை அலுவலகத்தில் வெறிநாய்த் தடுப்பூசி போடுவார்கள், ஆபரேஷன் கிடையாது. வலி வந்த நாளில் படகு இல்லை என்றால் நானும் அப்பாவும் அவளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ரீசா, உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், குறையாக எடுத்துக்கொள்ளாதே. நீ பிறந்ததும் ஜூலையில்தான். எனக்குப் பத்தொன்பது வயது, கல்லூரியில் இரண்டாம் வருடம், இப்போது உன் தோளுக்கு நிற்கிற இதே உயரம். ஒரு ராத்திரியும் மறுநாள் பகலும் வலி, நீ இறங்கவில்லை, மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். அன்றைக்கும் படகு நிறுத்தியிருந்தார்கள். அடுத்த வீட்டுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த லெட்டிதான் துறையில் போய் ஒரு படகுக்காரர் சட்டையைப் பிடித்து, 'உங்க பொண்ணா இருந்தா விட்டுடுவீங்களா மனுஷா' என்று கத்திக் கூட்டி வந்தாள். மழையில் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் கிடந்தாள். அவள் மணிக்கட்டில் இருக்கும் தழும்பை நாய்க்கடி என்று உன்னிடம் சொல்லி வைத்திருக்கிறோம். அது நாய் இல்லை, நான். அன்றைக்கு அலை கொஞ்சம் கூடியிருந்தால் நீயும் இல்லை நானும் இல்லை. அதனால்தான் உனக்கு அவள் ஞானத்தாய்.

திங்கட்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன், முட்டிக்கால் விஷயம் எக்ஸ்ரே விஷயம் எல்லாம் சொல்லி, வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டேன் என்றேன். முகம் இறுகிவிட்டது. 'பதினோரு நாள் உங்க பொண்ணோட மணிலாவுல நாயாக் கெடந்தேன், ஒரு நாய்க்குட்டிக்கு நான் ஆகமாட்டேனா மாரே? பல் டாக்டருக்குக் கொடுக்கறதா யோசனையா?' என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. 'கணக்குப் பாருங்க மாரே, குட்டி வர்றது ஜூலைல' என்று மட்டும்தான் சொல்ல வாய் வந்தது. அவள் தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய், குட்டிக்கென்று வாங்கி வைத்திருந்த ரோஸ் நிறக் கழுத்துப்பட்டையை எடுத்து வந்து என் கையில் வைத்து, 'இனிமே எனக்கு எதுக்கு இது' என்றாள். காபி கொடுக்காமல் என்னை அனுப்பியது இத்தனை வருடத்தில் இதுதான் முதல் தடவை.

நீ மனம் வருந்துவாய் என்று தெரியும். கொடுத்த வார்த்தையை அம்மா உடைத்துவிட்டாள் என்றுதான் தோன்றும், தோன்றட்டும். எல்லோரும் ஆசைப்பட்டோம், யார் பிரசவிக்கப் போகிறாளோ அவளுக்கு முடியுமா என்று யாரும் கேட்கவில்லை, நானும்தான். இனி உன்னிடம் ஒரு சம்மதம் கேட்க வேண்டும். நவம்பரில் கடல் அடங்கியதும் நாள் குறித்துப் பகலில் கருத்தடை ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார் டாக்டர், அதற்கு முன்னால் ரத்தமும் இதயமும் பரிசோதித்துக்கொள்ளலாமாம். மயக்க மருந்து அதற்கும் உண்டு, எனக்கு அந்தப் பயமும் இருக்கிறது. அவள் உன் நாய், நீ சொல்லாமல் செய்யமாட்டேன். இப்போதைக்கு வாசல் கேட்டில் நாலு தெருநாய்கள் காவல் இருக்கின்றன, அப்பா வேலிக்குக் கீழே செங்கல் அடுக்கியிருக்கிறார், அவளை நான் கண்ணை விட்டு விலக்குவதில்லை.

மறக்காமல் லெட்டிக்கு நீயே ஒரு கடிதம் எழுது. போனில் பொம்மைப் படம் அனுப்பி முடித்துவிடாதே. குட்டியைப் பற்றி மட்டும் எழுதாதே, அந்தப் படகைப் பற்றியும் எழுது, உனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியட்டும். ராத்திரியில் ஈரத்தலையோடு வெளியே போகாதே. இந்தக் காகிதத்தில் என் கை பட்ட இடத்தை உன் நெற்றியில் ஒற்றிக்கொள், ஆண்டவர் உன்னைப் போகும் வழியெல்லாம் காத்து நிற்பார்.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
நோரிலின்

பி.கு: கடிதத்தை ஒட்டப்போன நேரத்தில் லெட்டி வந்தாள், பிஸ்கோச்சோவோடு சேர்த்து உனக்கு அனுப்ப ஒரு பொட்டலம் கொண்டு வந்தாள். காலையில் அந்தக் கழுத்துப்பட்டையைப் பொல்வோவுக்குப் போட்டிருந்தேன். லெட்டி தரையில் உட்கார்ந்து, இறுக்குகிறதா என்று பட்டைக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தாள். இறுக்கவில்லை, அளவாக இருந்தது. விரலை எடுக்காமலே, 'பால் மறக்காத குட்டிக்குன்னு வாங்கினது மாரே இது' என்று மட்டும் சொன்னாள்.