மச்சான் அள்ளிய மணல்

என் மலரக்காவுக்கு,

நீ போன பிறகு உனக்கு எழுத இரண்டு மூன்று தடவை உட்கார்ந்தேன். சொல்ல நல்லதாக ஒன்றுமில்லை என்று எழுந்துவிட்டேன். இப்போதும் இல்லை. ஆனால் உன் மகளின் ஆட்டப் பருவம் முடிந்துவிட்டது. அதை உன்னிடம் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

நீ கொடைக்கானலில் பள்ளி விடுதி வார்டனாக இருந்தபோது, கோல்ஃப் மைதானத்து வேலிக்கு வெளியே விழும் பந்துகளைப் பொறுக்கி அடித்துப் பழகியவள் பவித்ரா. இந்த வருடம் பெண்கள் தொழில்முறை கோல்ஃபின் இரண்டாம் நிலைத் தொடரில் ஆடினாள். பருவம் முழுக்க ஊர் ஊராகப் போய் ஆட வேண்டும். முடிவில் முன்வரிசையில் நிற்கும் சிலருக்கு மட்டும் மேல் தொடரில் இடம். மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம், அல்லது மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம்.

பெரிய ஆட்டம் என்று நினைத்துக்கொள்ளாதே. கைதட்ட ஆள் கிடையாது. ஓரத்தில் தோட்டக்காரரும், புல்லில் படுத்திருக்கும் நாயும்தான். அவள் பையை நான் தூக்கினேன். கல்லூரியில் என்னைத் தாண்டி இளையவன் ஒருவனைத் துறைத் தலைவர் ஆக்கினார்கள் அல்லவா, அதற்குப் பிறகு விடுப்பு எடுக்க எனக்குத் தயக்கமே வரவில்லை.

கொடைரோட்டில் ரயில் ஏறும்போது, பையைப் பார்த்து ஒரு அம்மா கேட்டார், "ஏம்மா, உள்ள என்ன, துப்பாக்கியா?"

"இல்லக்கா, ஒலக்கை" என்றாள் பவி.

"அம்புட்டு ஒலக்கை எதுக்கு?"

"எங்க மாமாவுக்கு ஒண்ணு பத்தாதுக்கா."

பெட்டியே சிரித்தது. அந்தப் பருவத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

உன் சாவுக்கு மாலையோடு வந்து, "புள்ளையோட ஆட்டச் செலவுக்கு நான் இருக்கேன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்ன மில்காரர் பிறகு போனையே எடுக்கவில்லை. அவரை நான் மறக்க மாட்டேன். "போகட்டும் விடுறா" என்பாய். நீ விட்டதெல்லாம் என்னிடம்தான் வந்து சேர்ந்திருக்கிறது அக்கா.

உன் வீட்டுக்காரர், மச்சானையும் நான் விடவில்லை. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்தக் குச்சி வெளாட்டு" என்று வருடக்கணக்காகச் சொன்னவர். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நெஞ்சு வலிக்கிறது என்று நீ சொன்ன அன்று, "வாயுதான், செத்த நேரத்துல சரியாயிரும்" என்று சோடா உடைத்துக் கொடுத்தாரே, அதை எப்படிப் பொறுப்பேன்? காரியத்துக்குப் பிறகு அவரோடு நான் பேசியது அளந்துதான்.

கடைசிப் போட்டி பெங்களூருக்கு வெளியே. என் முழங்கால் வீங்கிக்கொண்டது. மச்சான் மல்லிகைத் தோட்டத்தை ஆளிடம் ஒப்படைத்துவிட்டு வந்து நின்றார். "நான் தூக்குறேன் மாப்ள. மூட்டை தூக்குனவனுக்கு இது என்ன கனமா?" வெள்ளைச் சட்டையின் மேல் பை தூக்கும் கேடிகள் போடும் அங்கியை மாட்டிக்கொண்டு, மகளுக்குப் பின்னால் சாமிப் பல்லக்குக்குப் பின்னால் போகிறவர் மாதிரி நடந்தார். அவள் நன்றாக ஆடினாள். அன்று ஆடியது போல அவள் என்றுமே ஆடியதில்லை. மேல் தொடர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

முடிய இரண்டு குழிகள் இருக்கும்போது பந்து மணல் பள்ளத்தில் விழுந்தது. அவள் பின்னால் நின்று கொடியின் தூரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சான் குனிந்தார். தண்ணீர் பாய்ச்சும் முன் தன் தோட்டத்தில் எப்போதும் செய்வது போல ஒரு பிடி மணலை அள்ளி, உள்ளங்கையில் அழுத்திப் பிசைந்தார். "உள்ள ஈரம் இருக்கு தாயி. பாத்து அடி."

அந்த ஆட்டத்தில் அது கூடாது. அடிக்கும் முன் மணலைத் தொட்டுச் சோதித்தால் அபராதம். பை தூக்குகிறவர் தொட்டாலும் ஆடுகிறவள் தொட்டதாகத்தான் அர்த்தம். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற நான் பார்த்தேன். கூட ஆடியவள் தூரத்தில் தன் பந்தைத் தேடிக்கொண்டிருந்தாள். பேசாமல் இரு, பேசாமல் இரு என்று மனசுக்குள் பவியைக் கெஞ்சினேன். பவி அப்பாவின் கையைப் பார்த்தாள். பிறகு கையை உயர்த்தி நடுவரை அழைத்தாள்.

அவளும் நடுவரும் ஆங்கிலத்தில் பேசி முடித்தார்கள். "என்னவாம் தாயி?" என்றார் மச்சான்.

"ஒண்ணுமில்லப்பா. சீக்கிரம் ஆடச் சொல்றாங்க."

அடி கூடினால் தோற்கும் ஆட்டத்தில், அபராதமாக இரண்டு அடி அவள் கணக்கில் ஏறியது. இடம் போனது ஒரே அடி வித்தியாசத்தில்.

வண்டிகள் நிற்குமிடத்தில் என்னை ஓரமாக இழுத்துப் போனாள். "அப்பாவுக்குத் தெரிய வேணாம் மாமா" என்றாள். பிறகு, "அம்மாட்ட என்ன சொல்றது?" என்றாள். அதற்குப் பதிலை நீ சொல்லேன்.

இப்போது சென்னையில், ஏதோ குடியிருப்பில் வலை கட்டிய இடத்தில், பணக்காரக் குழந்தைகளுக்குப் பந்தடிக்கக் கற்றுக்கொடுக்கிறாள். இனி ஆடப்போவதில்லை என்று என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். பை மச்சானின் மோட்டார் ரூமில், பூச்சாக்கு போர்த்திக் கிடக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் அவர் மட்டைகளைத் துடைத்து வைக்கிறார்.

போன வாரம் பூ மார்க்கெட்டில், தராசுக்கு முன்னால் நின்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரே ஒரு அடிண்ணே. சாமி கண்ண மூடிக்கிருச்சு. அடுத்த வருசமும் நாந்தான் தூக்குவேன். நான் போனதுலதான் புள்ள அம்புட்டு நல்லா ஆடுச்சு." என்னைப் பார்த்ததும், "என்ன மாப்ள, சரிதான?" என்றார்.

சோடா உடைத்த கை, மணல் அள்ளிய கை. நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அந்த மனுசன் அங்கேயே இடிந்து உட்கார்ந்திருப்பார். வாய் வரை வந்தது அக்கா. "ஆமா மச்சான்" என்றேன்.

பிறகு ஏன் இதைப் பத்திரிகையில் அச்சாகும்படி எழுதுகிறேன் என்று கேட்பாய். உள்ளேயே வைத்திருந்தால் ஒருநாள் அவர் முகத்துக்கு நேராக வந்துவிடும். அவர் பூ விலையைத் தவிர வேறெதையும் படிப்பதில்லை. அவரை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் போவதில்லை. ஆனாலும், யாராவது இதைப் படித்துவிட்டு அவரிடம் போய்ச் சொன்னால், இது முழுக்க நான் கட்டிய கதை என்று உன் படத்தின் மேல் கை வைத்துப் பொய் சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உனக்குப் பின் பிறந்த,
எதையும் விடத் தெரியாத தம்பி